எஸ்.பி.ஜி.யும் பார்படோஸ் தோட்டமும்: உங்கள் சபையில் இந்தப் பேச்சு வந்ததா?

நாசரேத் பேத்தி:
எஸ்.பி.ஜி., அதாவது இங்கிலாந்து திருச்சபையின் பழைய மிஷனரிச் சங்கம், யாரென்று நம்ம பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆச்சி சாகும்வரை ராத்திரி ஜெபத்தில் அந்தச் சங்கத்துக்கு நன்றி சொல்லாமல் படுத்ததில்லை.

2023-ல், இங்கிலாந்து திருச்சபையின் சொத்தை நிர்வகிக்கிற சர்ச் கமிஷனர்கள், அடிமை வியாபாரத்தோடு பழைய நிதிக்கு இருந்த தொடர்புக்காக 10 கோடி பவுண்டு ஒதுக்கிய செய்தி வந்ததும், இங்கிலாந்தில் நான் போகிற ஆலயத்தில் ஆராதனை முடிந்து ஒரு கூட்டம். "அன்றைக்கு நடந்ததற்கு நாம் ஏன் மன்னிப்புக் கேட்கணும்?" என்று ஒரு பெரியவர் ஆரம்பித்தார். முன்வரிசையிலிருந்து, கரீபியன் தீவான பார்படோஸைச் சேர்ந்த பாட்டி ஒருவர் எழுந்தார். கம்பளிக் கையுறையை மெதுவாகக் கழற்றி, உள்ளங்கையை நெஞ்சில் வைத்தார். "இந்த இடத்தில். காய்ச்சின இரும்பால். 'சொசைட்டி' என்று."

எந்த சொசைட்டி என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டேன். எஸ்.பி.ஜி.! 1710-ல் இறந்த கோட்ரிங்டன் என்ற தோட்ட முதலாளி, பார்படோஸில் இந்தச் சங்கத்துக்கு உயிலில் எழுதிவைத்த கரும்புத் தோட்டங்கள். அங்கே இருந்த அடிமைகளின் நெஞ்சில்தான் அந்தச் சூடு. 1820களில் நம்ம திருநெல்வேலி மிஷனை ஏற்றெடுத்தபோதும் அங்கே அடிமைகள் இருந்திருக்கிறார்கள். ஆச்சியின் ஜெபம் இப்போது என் வாயில் வரமாட்டேன் என்கிறது.

சாயர்புரத்தான்:
அக்கா, ஒன்றைச் சரியாகச் சொல்லுங்கள். உயில்படி அந்தக் கரும்புப் பணம் பார்படோஸிலேயே கல்லூரி நடத்தத்தான். நம்ம ஊருக்கு வந்தது இங்கிலாந்து ஜனங்கள் போட்ட காணிக்கை. என் தாத்தா படித்ததும் அதில்தான். அதையும் கறை என்று சொன்னால் மனசு வலிக்கிறது. 2006-லேயே இங்கிலாந்து திருச்சபையின் சினாட் மன்னிப்புக் கேட்டாயிற்று.

மேரிலாந்து தமிழன்:
வாஷிங்டன் பைபிள் மியூசியத்தில் அடிமைகளுக்கென்று பல பகுதிகளை வெட்டி 1807-ல் லண்டனில் அச்சான 'அடிமை பைபிளை' வைத்திருந்தார்கள். யோசேப்பு விற்கப்பட்டது இருக்கிறது, இஸ்ரவேலர் எகிப்தைவிட்டுப் புறப்பட்டது இல்லை. ஒரு கறுப்பினச் சிறுவன் கண்ணாடியில் மூக்கை அழுத்தி, "மோசே எங்கேம்மா?" என்றான். அம்மா அவன் தலையைத் தடவிக்கொண்டே நின்றார்.

நாசரேத் அக்காவுக்கு: மன்னிப்பு வேண்டுமா வேண்டாமா என்று கூட்டத்தை விட்டீர்களானால் விடிய விடிய ஓடும். ஆலயச் சுவரில் உள்ள நினைவுக் கற்களிலிருந்து தொடங்குங்கள். கட்டடத்துக்கு யார் கொடுத்தார், அவருக்கு எங்கிருந்து வந்தது? அடிமை ஒழிப்பின்போது எஜமானர்களுக்கு அரசு கொடுத்த நஷ்டஈட்டுப் பட்டியலை லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் இணையத்தில் போட்டிருக்கிறது. வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பெயர் பெயராகத் தேடச் சொல்லுங்கள். எஸ்.பி.ஜி.க்கே 411 அடிமைகளுக்காக 8,823 பவுண்டு கிடைத்தது. அந்த 411 பேருக்கு ஒன்றுமில்லை. இன்னொன்று, அந்தப் பாட்டியையே திரும்பத் திரும்பப் பேசவைக்காதீர்கள்.

நாசரேத் பேத்தி:
சாயர்புரம் தம்பி, காசு எங்கே போச்சென்று நான் கேட்கவில்லை. இரும்பில் பெயர் பொறித்த கையும் நமக்கு வேதத்தை நீட்டின கையும் ஒரே சங்கத்தின் கை. மன்னிப்பு 2006-ல் வந்திருக்கலாம், எங்கள் கூட்டத்தில் வரவில்லை. பாட்டி பேசி முடித்ததும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கை நடுங்கியதால் அவரால் கையுறையைத் திரும்ப மாட்ட முடியவில்லை. பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருந்தது. நானும் எழுந்து போகவில்லை.