துறைக்குப் பசுமைக் குழு போட்டாச்சு, மரக்கன்று தவிர வேறு என்ன செய்வது?

ஓமலூர் ரோடு:

வணக்கம். சேலம் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் வேதியியல் துறையில் வேலை பார்க்கிறேன், எதுவென்று கேட்காதீர்கள். போன வாரம் துறைக் கூட்டத்தில் 'பசுமைக் குழு' என்று ஒன்றை ஆரம்பித்து, அன்றைக்குப் பத்து நிமிடம் தாமதமாக வந்த பாவத்துக்கு அதை என் தலையில் கட்டிவிட்டார்கள். உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தர மதிப்பீடு போடுகிற நாக் குழு வருவதற்குள் "ஏதாவது பண்ணுங்க மேடம்" என்பதுதான் உத்தரவு. பணம் கேட்டால் தலைவர் சிரிக்கிறார், ரொம்பப் போனால் பத்தாயிரம் தேறும்.

இதுவரை வந்த யோசனைகள் மரக்கன்று, பேரணி, "நீரைச் சேமிப்போம்" என்று ஒரு ஃபிளெக்ஸ். போன தடவை வராண்டா முழுக்க வரிசையாக வைத்த பூந்தொட்டிகள், குழு கிளம்பிய மறுநாளே நர்சரிக்காரர் வண்டியில் ஏறிப் போனதை நானே நின்று பார்த்தேன். எல்லாம் வாடகைத் தொட்டி. அந்த மாதிரி ஒன்றை நான் செய்ய மாட்டேன்.

எங்களிடம் இருப்பது இரண்டு எம்.எஸ்சி. லேப், ஓர் ஆராய்ச்சி லேப், கருவி அறையில் இரண்டு ஏ.சி., கண்ணாடி டிஸ்டில்டு வாட்டர் யூனிட் ஒன்று, மொத்தம் 24 ஃபேன், ஓர் ஆர்.ஓ., அப்புறம் ஒரு ஸ்டோர் ரூம் நிறையச் செத்துப்போன கம்ப்யூட்டர்கள். எங்கே கை வைத்தால் நிஜமாகவே குறையும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய பியூரெட்:

மேடம், ஃபிளெக்ஸுக்குக் கொடுக்கிற காசில் ஒரு வாளி வாங்குங்க. கிண்டல் இல்லை. முப்பது வருஷம் லேப் டெக்னீஷியனாக இருந்து போன வருஷம் ரிட்டயர் ஆனவன் சொல்கிறேன். உங்கள் துறையில் தண்ணீர் போவது குடிக்கிற குழாயிலும் இல்லை, கை கழுவுகிற இடத்திலும் இல்லை, அந்த டிஸ்டில்டு வாட்டர் யூனிட்டின் கண்டென்சரில், அதாவது ஆவியைக் குளிரவைக்கிற குழாயில். ரப்பர் ட்யூப் சிங்குக்குள் போய்க் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊற்றிக்கொண்டே இருக்கும், அந்தச் சத்தம் எல்லோருக்கும் பழகிப்போனதால் யார் காதிலும் விழாது. ட்யூபை எடுத்து வாளியில் விட்டு, நிறைய எத்தனை நிமிடம் என்று போனில் பாருங்க. அந்தக் கணக்கைத் தலைவரிடம் காட்டினால் பணம் தானாக வரும்.

அதில் வருவது அழுக்குத் தண்ணீர் இல்லை. நல்ல குழாய்த் தண்ணீர்தான், சூடாகி வருகிறது, அவ்வளவுதான். கண்ணாடிச் சாமான் முதல் அலசலுக்கு அதைவிட நல்லது கிடையாது. மிச்சத்தைக் குழாய் போட்டுச் சம்புக்குத் திருப்பிவிடலாம். இதற்குப் பிளம்பர் அரைநாள் வேலை செய்தால் போதும்.

ஆராய்ச்சி லேபில் ரிஃப்ளக்ஸ் போடுகிற, அதாவது கரைசலைக் கொதிக்கவிட்டு ஆவியைத் திரும்பக் குளிரவைக்கிற பிள்ளைகளுக்கு ஏர் கூலருக்குள் இருக்குமே ஒரு குட்டி மோட்டார், அதை வாங்கிக் கொடுங்க, சில நூறு ரூபாய்தான். டப்பில் தண்ணீர் ஊற்றி மோட்டாரை முக்கி, ஒரு ட்யூப் கண்டென்சருக்கு, இன்னொன்று டப்புக்குத் திரும்ப. அதே தண்ணீர் நாள் முழுக்கச் சுற்றும். மதியத்துக்கு மேல் டப் சூடாகும், ஐஸ் கட்டின பழைய பாட்டில் ரெண்டைப் போட்டால் சரி.

ஒன்றே ஒன்று, ஈத்தரை மட்டும் இதில் வைத்து விளையாட வேண்டாம். ஈத்தர் கொதிப்பதே 34.6 டிகிரியில். சித்திரை மாசம் நம்ம ஊர் மொட்டைமாடி டேங்க் தண்ணீர் கையைச் சுடுகிறது, அதில் ஈத்தர் எப்படிக் குளிரும், ஆவி முழுக்க அறைக்குள்தான். எத்தனால், அசிட்டோன் என்றால் தைரியமாகச் செய்யலாம்.

செவ்வாய்பேட்டைப் பையன்:

சார் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கொலுசுப் பட்டறை. பட்டறையில் சாயங்காலம் தரையைக் கூட்டினால் அந்தக் குப்பையைத் தெருவில் கொட்ட மாட்டார்கள். டப்பாவில் சேர்த்து வைத்து, நிறைந்ததும் அதிலிருந்து வெள்ளி பிரிப்பார்கள், உட்காருகிற பாயைக்கூட உதறித்தான் சுருட்டுவார்கள். இதைப் பார்த்து வளர்ந்தவன் எம்.எஸ்சி. லேபுக்குப் போனால், குளோரைடு டைட்ரேஷன் (கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு எவ்வளவு குளோரைடு என்று அளப்பது) முடிந்ததும் சில்வர் நைட்ரேட் மொத்தத்தையும் சிங்கில் ஊற்றச் சொன்னார்கள். எனக்கு வயிறு எரிந்தது. 0.1 நார்மல் கரைசல் ஒரு லிட்டரில் கிட்டத்தட்ட 10.8 கிராம் வெள்ளி இருக்கிறது, வீட்டில் சொன்னால் அப்பா என்னைப் படிப்பை விட்டே நிறுத்தியிருப்பார்.

ஒரு கேன் வைத்துச் 'சில்வர் மட்டும்' என்று எழுதிவிடுங்கள் மேடம். நிறைந்ததும் சாப்பாட்டு உப்பைக் கரைத்து ஊற்றினால் வெள்ளைத் தயிர் மாதிரி சில்வர் குளோரைடு அடியில் தங்கிவிடும், ஒரு பேட்ச் பிள்ளைகளுக்கு அதிலிருந்து வெள்ளி எடுப்பதையே செய்முறையாக வைக்கலாம். ஆனால் சில்வரும் அம்மோனியாவும் கலக்கிற டோலன்ஸ் சோதனையில் மிஞ்சுவதை மட்டும் அந்தக் கேனில் ஊற்ற விடாதீர்கள், அம்மோனியாவோடு நின்றால் வெடிக்கிற பொருள் உண்டாகும், அன்றைக்கே அமிலம் விட்டு முறித்துவிட வேண்டும்.

இன்னொன்று, 20 மில்லி பிப்பெட்டுக்குப் பதில் 10 மில்லி வைத்தாலே எல்லா டைட்ரேஷனிலும் கழிவு பாதி. இதற்குப் பைசா செலவில்லை.

பழைய பியூரெட்:

தம்பி, 10 மில்லி நல்ல யோசனைதான், ஆனால் தேர்வு ஸ்கீமில் 20 என்று போட்டிருந்தால் வெளியிலிருந்து வருகிற எக்ஸாமினர் மார்க்கில் கை வைப்பார். பாடத்திட்டம் போடுகிற போர்டு ஆஃப் ஸ்டடீஸில் எழுத்தில் மாற்றிவிட்டுச் செய்யுங்க. நான் பட்டிருக்கிறேன்.

டெஸ்டர் பாக்கெட்:

எலக்ட்ரிக்கல் ஆள் நான். யாராவது சோலார் என்று ஆரம்பிப்பார்கள், மேடம், அது துறை முடிவெடுக்கிற விஷயமே இல்லை, கோப்பு மேலே போனால் உங்கள் பிஎச்.டி. பிள்ளைகள் வேலைக்குப் போய்க் கல்யாணம் முடித்த பிறகு திரும்பி வரும். கைக்கு எட்டுவதைப் பார்ப்போம்.

பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், பிரஷ் இல்லாத மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் பக்கம்தான். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வருஷத்தில் 220 நாள் என்று வைத்தால் ஒரு ஃபேனுக்கு 79 யூனிட் மிச்சம், 24 ஃபேனுக்கு 1,900 யூனிட் சொச்சம். மொத்தமாக மாற்ற உங்கள் பத்தாயிரம் பத்தாது, காயில் போகிற ஃபேனை ரீவைண்டிங்குக்கு அனுப்பாமல் ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

ஏ.சி.யை 24 டிகிரியில் வையுங்கள். 2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் முத்திரையோடு வருகிற ரூம் ஏ.சி.க்கு ஆன் செய்ததும் 24-தான் வர வேண்டும் என்று விதியே இருக்கிறது, நம் ஆட்கள் ரிமோட்டை எடுத்த உடனே 18-க்கு இறக்கிவிட்டு ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறார்கள். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய அரசின் மின்சிக்கன அமைப்பான பி.இ.இ.யின் கணக்கு. அதற்காகக் கருவி அறையில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். எஃப்.டி.ஐ.ஆர். (அகச்சிவப்புக் கதிரால் பொருளை ஆராய்கிற கருவி) இருந்தால் உள்ளே பொட்டாசியம் புரோமைடு பாகம் இருக்கும், ஈரம் பட்டால் மங்கிவிடும். மின்சாரம் மிச்சம் பிடிக்கப் போய்க் கருவி போன கதையை ஓர் இடத்தில் பார்த்திருக்கிறேன்.

ஏ.சி. குழாயில் சொட்டுவதைப் பிடித்து 'டிஸ்டில்டு வாட்டர்' என்று ரீஏஜென்ட் கலக்குகிறவர்களும் இருக்கிறார்கள். காயிலில் இருக்கிற தூசியும் உலோகமும் சேர்ந்துதான் வருகிறது, தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

செத்த கம்ப்யூட்டரைப் பழைய இரும்புக் கடைக்குப் போடக் கூடாது. 2023 ஏப்ரலிலிருந்து நடப்பில் இருக்கும் மின்கழிவு விதிப்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும். முதலில் ஸ்டாக் ரிஜிஸ்டரில் கழிக்க வேண்டும், அதற்கு ஒரு கமிட்டி, அதற்குக் கையெழுத்து. இன்றைக்கே ஆரம்பித்தால்தான் நாக் வருவதற்குள் அறை காலியாகும்.

இருபதாவது வளைவு:

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன், நான் தாவரவியல். கீழே நீங்கள் செய்வது மேலே எங்களுக்கும் வந்து சேரும் என்பதால் ஒரு புலம்பல். வருஷா வருஷம் துறைகள் பஸ் எடுத்துக்கொண்டு ஃபீல்டு ட்ரிப் வருகிறார்கள். ஆர்க்கிட் பூங்கா பார்த்துவிட்டு, ஒரு பஸ்ஸில் ஐம்பது பேர், ஆளுக்கு இருபது செடி ஹெர்பேரியம் என்கிற உலர்செடித் தொகுப்புக்கு வேரோடு பிடுங்கினால் என்ன ஆகும்? இந்தச் சேர்வராயன் மலையின் பெயரையே சுமக்கிற வெர்னோனியா சேவராயென்சிஸ் மாதிரி இங்கே மட்டும் இருப்பவையும் உண்டு, எது எதுவென்று இரண்டாம் ஆண்டுப் பையனுக்குத் தெரியுமா? நான் என் வகுப்பில் படத்தொகுப்பு போதும், பத்துப் பேருக்கு அழுத்திக் காயவைத்த செடி ஒன்றே ஒன்று போதும் என்று மாற்றிவிட்டேன். யாரும் ஃபெயிலாகவில்லை.

அப்புறம் டீ. உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிற பேப்பர் கப் 2019 ஜனவரி 1-லிருந்து தமிழ்நாட்டில் தடை. ஆனால் எந்த செமினாரில் அது இல்லை? ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உருட்டுகிற ஆலையையே ஊரில் வைத்துக்கொண்டு ஐம்பது எவர்சில்வர் டம்ளர் வாங்க நமக்கு மனசு வரவில்லை. கழுவுவது யார் என்பதுதான் சிக்கல், அதை முதலிலேயே பேசிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆயா தலையில்தான் விடியும்.

ஓமலூர் ரோடு:

எல்லோருக்கும் நன்றி. வாளி வைத்துவிட்டேன். 15 லிட்டர் வாளி, 8 நிமிடத்தில் நிறைந்து வழிந்தது. 10 மணியிலிருந்து 4 மணி வரை ஓடுகிறது, அப்படியென்றால் 45 வாளி, 675 லிட்டர். அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த டிஸ்டில்டு வாட்டர் 20 லிட்டர் சொச்சம். திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டேன், மாறவில்லை.

எங்கள் அட்டெண்டர் அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பதினோரு வருஷமா சொல்றேன் மேடம், யாரும் வாளியைக் கொண்டு வரல" என்றார். சம்பு எந்தப் பக்கம், குழாய் எந்தச் சுவர் வழியாகப் போக வேண்டும், எத்தனை எல்போ தேவை எல்லாம் அவரிடம் தயாராக இருந்தது. குழுவில் அவர் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கடிதம் கொடுத்திருக்கிறேன், ஆசிரியர் அல்லாதவரைச் சேர்க்க விதி இருக்கிறதா என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். பிளம்பர் திங்கட்கிழமை வருகிறார்.

டம்ளர் விஷயத்தில் இன்னும் சண்டை ஓடுகிறது.