சர்வரில் ஏற்றியதும் டேபிள் எழுத்து மட்டும் சிறுத்துவிடுகிறது, டாக்டைப் இருந்தும்

குமுளிக்காரன்:
மாமாவின் ஏலக்காய்க் கடைக்கு ஒரு வலைப்பக்கம் செய்து கொடுக்கிறேன். தமிழும் மலையாளமும் கலந்து வருவதால், படிக்க வசதியாக பக்கத்தின் உள்ளடக்கப் பகுதியான பாடிக்கு 20 பிக்சல் எழுத்து வைத்திருக்கிறேன். என் கம்ப்யூட்டரில் கோப்பைத் திறந்தால் எல்லாம் சரி. சர்வரில் ஏற்றியதும், காய் அளவை வைத்து 8 எம்எம், 7 எம்எம் என்று விலை போடும் டேபிளில் மட்டும் எழுத்து சிறுத்துவிடுகிறது. எழுத்துரு மாறவில்லை, வெளியே உள்ள பத்திகளும் அப்படியே இருக்கின்றன. தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் அதே கோப்புதான், பிரவுசர் சேமித்து வைக்கும் கேஷும் அழித்தாயிற்று. பக்கம் எந்த வகை எச்டிஎம்எல் என்று பிரவுசருக்கு அறிவிக்கும் டாக்டைப், எச்டிஎம்எல் 5-க்கானது, முதல் வரியிலேயே இருக்கிறது. குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டிலும் இதே கதை. என்ன செய்யலாம் அண்ணே?

கூடலூர் வாசி:
ஹெட்டில் எக்ஸ்-யுஏ-காம்பாட்டிபிள் மெட்டா போட்டுப் பாருங்கள்.

செங்கோட்டை:
அது உதவாது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8-க்காக வந்த மெட்டா அது, குரோமும் ஃபயர்பாக்ஸும் கண்டுகொள்ளாது. தம்பி, எழுத்துரு வருகிறது, அளவு மட்டும் வரவில்லை என்கிறீர்களே, அப்படியானால் பக்கம் குவர்க்ஸ் மோடில், அதாவது பழைய பக்கங்களுக்கான விதிகளின்படி, ஓடுகிறது. அந்த மோடில் டேபிள் தன் எழுத்தளவை பாடியிலிருந்து வாங்காது, பிரவுசரின் வழக்கமான 16 பிக்சலுக்குப் போய்விடும். 90-களில் எழுதிய பக்கங்கள் குலையக் கூடாது என்று விட்டுவைத்த பழைய நடத்தை இது. 2000-இல் மேக்குக்கான எக்ஸ்ப்ளோரர் 5 டாக்டைப்பைப் பார்த்து மோடை மாற்ற ஆரம்பித்தது, அப்புறம் மற்ற பிரவுசர்களும் அதே வழிக்கு வந்தன.

பிரவுசரின் டெவலப்பர் கன்சோலில் டாக்குமென்ட் டாட் காம்பாட்மோட் என்று அடியுங்கள். பேக்காம்பாட் என்று வந்தால் குவர்க்ஸ், சிஎஸ்எஸ்1காம்பாட் என்று வந்தால் ஸ்டாண்டர்ட்ஸ், அதாவது இன்றைய விதிகளின்படி ஓடும் மோட். எடிட்டரில் இருப்பதை நம்பாதீர்கள், சர்வர் அனுப்பியதை வியூ சோர்ஸில் பாருங்கள். டாக்டைப்புக்கு முன்னால் வெற்றிடமோ கமென்ட்டோ இருந்தால் இன்றைய பிரவுசர்கள் பொறுத்துக்கொள்ளும். ஒரே ஒரு எழுத்தோ டேகோ முந்திக்கொண்டால் போச்சு, பின்னால் வரும் டாக்டைப் கணக்கிலேயே வராது.

குமுளிக்காரன்:
பேக்காம்பாட்தான் வருகிறது! சர்வரில் பார்வையாளர் எண்ணிக்கைக்கு ஒரு பிஎச்பி கோப்பை டாக்டைப்புக்கு மேலே இன்க்ளூட் செய்கிறேன். ஆனால் அது எதையும் அச்சிடவில்லை, வியூ சோர்ஸிலும் மேலே ஒன்றுமே தெரியவில்லையே?

களியக்காவிளை:
கண்ணுக்குத் தெரியாது, பிஓஎம்மாக இருக்கும், கோப்பின் எழுத்துக் குறியாக்கத்தைக் காட்ட முன்னால் வைக்கும் மறைகுறி அது. பழைய விண்டோஸ் நோட்பேட் யுடிஎஃப்-8 கோப்பைச் சேமிக்கும்போதெல்லாம் கோப்பின் தொடக்கத்தில் அந்த 3 பைட் குறியைச் சேர்த்துவிடும். பக்கத்தின் தொடக்கத்தில் ஒன்று இருந்தால் பிரவுசரே நீக்கிவிடும், அதனால்தான் உங்கள் கம்ப்யூட்டரில் பிரச்சினை இல்லை. சர்வரில் மெயின் கோப்பில் ஒன்று, இன்க்ளூடில் ஒன்று என்று இரண்டு சேர்ந்துவிட்டால், இரண்டாவது எழுத்தாகவே கணக்காகிவிடும். இரண்டு கோப்பையும் பிஓஎம் இல்லாமல் சேமித்து ஏற்றுங்கள்.

டேபிளுக்கு ஃபான்ட்-சைஸ் இன்ஹெரிட் கொடுத்தாலும் எழுத்து பெரிதாகும், ஆனால் தயவுசெய்து அதோடு விட்டுவிடாதீர்கள். குவர்க்ஸில் கிளாஸ் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது, பிக்சல் என்று போடாமல் வெறும் 200 என்று எழுதிய அகலம்கூட வேலை செய்யும். தப்பெல்லாம் மறைந்தே கிடக்கும், நாளை வேறொருவர் டாக்டைப்பைச் சரி செய்யும்போது பக்கம் முழுவதும் கலைந்துபோகும்.

குமுளிக்காரன்:
இரண்டிலும் பிஓஎம் இருந்தது. எடுத்ததும் சிஎஸ்எஸ்1காம்பாட் வருகிறது, டேபிளும் 20-க்கு வந்துவிட்டது. ரொம்ப நன்றி அண்ணே.