தாத்தா வீட்டுப் பிள்ளைகள் குழு: எம்.ஆர்.ஐ. முதல்ல, பெட் ஸ்கேன் பிறகு

[காலை 7:12] குமரேசன்: அப்பாவுக்கு ரத்தத்துல பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரப்பியிலேர்ந்து வர்ற புரதம்) 11.2. நேத்து எடுத்த புராஸ்டேட் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்ல இடது பெரிஃபெரல் சோன்ல (சுரப்பியோட வெளிப்பகுதி) 14 மி.மீ. அளவுல ஒரு கட்டி, பை-ராட்ஸ் 4 (5 வரைக்கும் போற சந்தேக மதிப்பு), சுரப்பி 56 சி.சி.ன்னு போட்டிருக்கு. கவிதா, பிரபு, பாத்துச் சொல்லுங்க.

[7:20] கவிதா: அண்ணா, 11.2ஐ 56ஆல வகுத்தா 0.20. இதுதான் பி.எஸ்.ஏ. அடர்த்தி. 0.15ஐத் தாண்டினாலே சந்தேகம் கூடும். பெரியப்பா சுரப்பியைச் சுருக்கற ஃபினாஸ்டெரைடு, டூடாஸ்டெரைடு மாத்திரை ஏதாவது சாப்பிடறாரா? ஆறு மாசம் சாப்பிட்டாலே பி.எஸ்.ஏ. பாதியா இறங்கிடும். அப்படின்னா 11.2ஐ 22ன்னுதான் எடுத்துக்கணும்.

[7:24] குமரேசன்: இல்ல, சிறுநீர் தடையில்லாம போக டாம்சுலோசின் மட்டும்தான்.

[7:25] கவிதா: அதால பி.எஸ்.ஏ. மாறாது. பை-ராட்ஸ் 4ன்னா புற்றுன்னு முடிவாயிடல. அந்த இடத்துல ஊசி போட்டுச் சதை எடுத்துப் பாத்தே ஆகணும்னு அர்த்தம். இதே கட்டி 15 மி.மீ. இருந்திருந்தா 5ன்னு போட்டிருப்பாங்க.

[7:31] முருகேசன் சித்தப்பா: ஏம்மா கவிதா, நேரா பெட் ஸ்கேனே எடுத்துட்டா ஒரே அலைச்சலா முடிஞ்சிடாதா?

[7:38] பிரபு: மாமா, ஊசி சுரப்பிக்குள்ள எங்க போகணும்னு காட்டறது எம்.ஆர்.ஐ. புற்று உறுதியானப்புறம் நெணநீர் முடிச்சு, எலும்புன்னு வெளியே போயிருக்கான்னு பாக்கறதுக்குத்தான் பெரும்பாலும் பி.எஸ்.எம்.ஏ. பெட் சி.டி. (புராஸ்டேட் புற்றுல ஒட்டற கதிர்வீச்சு மருந்தை ஊசி போட்டு எடுக்கற ஸ்கேன்). பயாப்ஸில (ஊசியால சதை எடுத்துப் பாக்கற சோதனை) வீரியம் குறைஞ்சதுன்னு வந்தா பெட்டே வேண்டியதில்ல. இப்பவே எடுத்தா காசும் கதிர்வீச்சும்தான் வீண்.

[7:41] கவிதா: முதல்ல எம்.ஆர்.ஐ. எடுத்தது நல்லதாப் போச்சு. பயாப்ஸி பண்ணிட்டு எடுத்தா உள்ளே தங்கின ரத்தம் கட்டி மாதிரியே தெரியும், இல்ல கட்டியை மறைச்சிடும். அப்புறம் குறைஞ்சது ஆறு வாரம் காத்திருக்கணும்.

[7:43] கவிதா: அண்ணா, ஃபிலிம் போதாது, போன்ல எடுத்த போட்டோவும் உதவாது. ஸ்கேன் சென்டர்ல டைகாம் ஃபைலோட (ஸ்கேனோட அசல் டிஜிட்டல் படம்) டிஸ்க் கேட்டு வாங்குங்க. ஃப்யூஷன் பயாப்ஸிக்கு அதுதான் வேணும்.

[7:45] குமரேசன்: ஃப்யூஷன்னா ரெண்டு படத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு வைக்கறதா?

[7:56] கவிதா: ஆமா. எம்.ஆர்.ஐ.யோட டி2ங்கற வகைப் படத்துல ஒவ்வொரு அடுக்கா சுரப்பியோட ஓரத்தையும் கட்டியோட ஓரத்தையும் கோடு போட்டுக் குறிப்போம். அதை அல்ட்ராசவுண்ட் மெஷின்ல ஏத்துவாங்க. ஆசனவாய் வழியா அல்ட்ராசவுண்ட் புரோபை (உள்ளே வைக்கற கருவி) வச்சு, சுரப்பியை மேலிருந்து கீழ வரைக்கும் ஒரு தடவை மெதுவா வருடி எடுப்பாங்க. அந்த உருவத்தோட எம்.ஆர்.ஐ. உருவத்தைப் பொருத்தினா, அல்ட்ராசவுண்ட்ல கண்ணுக்கே தெரியாத கட்டிக்குத் திரையில வட்டம் விழும்.

[7:59] கவிதா: தப்பு நடக்கறது இந்தப் பொருத்தத்துலதான். புரோபை அழுத்தினா சுரப்பி நசுங்கும். நோயாளி இடுப்பைக் கொஞ்சம் அசைச்சாலும் வட்டம் சில மி.மீ. நகந்துடும். நாலஞ்சு ஊசி போனதும் உள்ளே வீங்கிச் சுரப்பியே உருமாறும். அதனாலதான் கட்டிக்கு ஒரு ஊசியோட விடறதில்ல, மூணு நாலு எடுப்பாங்க. நடுவுல சுரப்பியோட ஓரம் கோட்டோட ஒத்துப்போகுதான்னு மறுபடி பாக்கணும். கூடவே வழக்கமான 12 ஊசியும் போடறது நல்லது. எம்.ஆர்.ஐ. காட்டாத புற்றும் உண்டு.

[8:04] முருகேசன் சித்தப்பா: அண்ணன் தினமும் ஆஸ்பிரின் போடறாரே?

[8:05] கவிதா: டாக்டர்கிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க சித்தப்பா. நாமளா நிறுத்தக் கூடாது. சிறுநீர்ல தொற்று இருக்கான்னும் பாத்துடணும். விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவுல தோல் வழியா ஊசி போடற முறை இருந்தா அதையே கேளுங்க. மலக்குடல் வழியா போடறதை விடத் தொற்று பயம் குறைவு.

[8:15] பிரபு: பெட் தேவைன்னு வந்தா இதை வச்சுக்கோங்க மச்சான். வெறும் வயிறு வேண்டாம், சர்க்கரை அளவும் பிரச்சனையில்ல. அதெல்லாம் குளுக்கோஸ் மருந்து போடற பெட்டுக்கு. தண்ணி நிறைய குடிக்கணும். காலியம்-68ங்கற கதிர்வீச்சுப் பொருள் சேத்த மருந்தைப் போட்டு ஒரு மணி நேரம் கழிச்சு ஸ்கேன். படுக்கறதுக்கு முன்னாடி சிறுநீர் கழிச்சே ஆகணும், இல்லேன்னா மூத்திரப்பை பளிச்சுன்னு ஒளிர்ந்து பக்கத்துல இருக்கற முடிச்சை மறைச்சிடும். காலியம் 68 நிமிஷத்துல பாதியாக் குறைஞ்சிடும், அதனால சொன்ன நேரத்துக்குப் போயிடணும்.

[8:19] பிரபு: ஹார்மோன் ஊசி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க. ஊசிக்கப்புறம் எடுத்தா, ஸ்கேன் மருந்தைப் புற்று பிடிக்கற அளவே மாறலாம்.

[8:22] குமரேசன்: எங்கெல்லாம் ஒளிருதோ அங்கெல்லாம் புற்றா?

[8:27] பிரபு: இல்ல மச்சான். எச்சில் சுரப்பி, கண்ணீர்ச் சுரப்பி, சிறுநீரகம், சிறுகுடல் எல்லாருக்குமே ஒளிரும். வயித்துக்குள்ள முதுகெலும்பை ஒட்டி இருக்கற நரம்பு முடிச்சும் நெணநீர் முடிச்சு மாதிரி ஏமாத்தும். காலியத்துக்குப் பதிலா ஃப்ளூரின் போட்ட பி.எஸ்.எம்.ஏ.-1007ங்கற மருந்துல விலா எலும்புல மங்கலா ஒரு புள்ளி அடிக்கடி வரும். சி.டி.யில அந்த எலும்பு நல்லா இருந்தா அதை வச்சு மட்டும் பரவிடுச்சுன்னு எழுத மாட்டாங்க. பெட்டோட சி.டி.யையும் சேத்து எடுக்கறதே இதுக்குத்தான். பத்துல ஒருத்தருக்குக் கிட்டத்தட்ட புற்று ஒளிராமலே போறதும் உண்டு.

[8:31] கவிதா: அபாயம் கூடினவங்களுக்குப் பழைய வழி, சி.டி.யும் எலும்பு ஸ்கேனும். ஆஸ்திரேலியாவுல 302 பேர வச்சு ஒப்பிட்டு 2020ல வெளியிட்டாங்க. பி.எஸ்.எம்.ஏ. பெட்டோட துல்லியம் 92 சதவீதம், பழைய வழிக்கு 65. கதிர்வீச்சும் பாதிக்கும் கம்மி. பயாப்ஸில வீரியம் கூடினதுன்னு வந்தா நான் தயங்காம பெட்டுதான் சொல்வேன்.

[8:36] குமரேசன்: சரி, பத்து மணிக்கு ஸ்கேன் சென்டருக்குப் போய் டிஸ்க் வாங்கிடறேன்.

[8:37] கவிதா: அங்கேயே கம்ப்யூட்டர்ல போட்டுத் திறக்குதான்னு பாத்துட்டு வாங்க அண்ணா. டி2, டிஃப்யூஷன், ஏ.டி.சி.ன்னு மூணு வகை எம்.ஆர்.ஐ. படமும் உள்ளே இருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் மறுபடி எழுதித் தரச் சொல்லுங்க.