மறு: ‘ஃபூ-ஜெங்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

> சித்த மருத்துவத்திலேயே ‘காயகற்பம்’ இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாம்.

ஐயா, வணக்கம். புற்றுநோயாளிகளுக்குச் சீன மருத்துவம் தரும் ‘ஃபூ-ஜெங்’ என்ற சிகிச்சை முறைக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம்; அதற்குக் காயகற்பம் வேண்டாம். நரை, திரை, மூப்பை விலக்கி ஆயுளை நீட்டிப்பதற்கான சொல் அது. முற்றிய புற்றுநோயோடு படுத்திருப்பவரின் வீட்டார் அதைப் படித்தால் ஆளே எழுந்துவிடுவார் என்று நினைப்பார்கள். அவர்களுக்கு அப்படி ஒரு ஆசையைக் காட்டுவது கொடுமை.

சீன மருத்துவத்தில் தீங்கை விரட்டுவதற்கு ‘சூ-ஷியே’ என்று பெயர். உடலில் மிச்சமிருக்கும் வலுவைத் தாங்கிப் பிடிப்பது ‘ஃபூ-ஜெங்’. உள்ளே கட்டி திரளும் நோய்களைப் பற்றி சீனாவின் மிங் அரசர்கள் காலத்து மருத்துவர் லி ஜொங்ஜி 1637-இல் எழுதியிருக்கிறார்: தொடக்கத்தில் நோயைத் தாக்கலாம், நடுவில் தாக்கிக்கொண்டே வலுவும் சேர்க்கலாம், கடைசிக் கட்டத்தில் வலு சேர்ப்பது மட்டும்தான். இன்று சோர்வுக்கும் பசியின்மைக்கும் ஹுவாங்-சி வேரும் ஜின்செங்கும் சேர்த்துக் கஷாயம் கொடுப்பது இந்த வழியில்தான்.

‘உடல்தேற்றல்’ என்று இன்னொரு நண்பர் சொன்னது எனக்கு முதலில் பிடித்திருந்தது. உடல்தேற்றி என்ற சித்த மருத்துவச் சொல்லும் கையில் இருக்கிறது. ஆனால் ‘தேறிவிட்டார்’ என்றால் நம் ஊரில் நோய் போய்விட்டது என்றுதான் அர்த்தம். அதனால் ‘வலுத்தாங்கல்’ என்று முன்மொழிகிறேன். வலுத்தாங்கு சிகிச்சை, வலுத்தாங்கு கஷாயம் என்று மற்ற சொற்களும் எளிதாக வரும்.

அக்குபங்சரும் இதில் அடங்குமா என்று கேட்டிருந்தீர்கள். குமட்டலுக்காக மணிக்கட்டு ரேகையிலிருந்து மூன்று விரற்கடை மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவில் உள்ள நெய்-குவான் புள்ளியில் ஊசி போடும்போது, குறிப்பிட்ட ஒரு தொல்லையைத்தான் குறிவைக்கிறார்கள். அதைக் ‘குறிகுணத் தணிப்பு’ என்று தனியாக வைப்போம். புற்றுநோயாளிகளின் சில வகை வலிகளுக்கு அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் 2022-இல் அக்குபங்சரைப் பரிந்துரைத்ததும் இந்தத் தலைப்பில்தான் வரும்.

அப்புறம், இந்தச் சொல்லுக்கான பதிவின் விளக்கத்தில் ‘பக்கவிளைவற்ற’ என்ற சொல்லைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். ஆடுதின்னாப்பாளைச் செடியின் பேரினத்தைச் சேர்ந்த சில சீன மூலிகைகளில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றையும் உண்டாக்கும். ‘புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லாமல் எந்த மூலிகையும் கூடாது’ என்ற வரி விளக்கத்தோடு இருக்கட்டும். வலுத்தாங்கலுக்கு மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.