வில் பாதியில் வழுக்கிப் போகிறது, என்ன செய்வது?

தாமத_மாணவன்:
வயது 43. கர்நாடக வயலின் ஆரம்பித்துப் பத்து மாதம். ஆரம்பப் பாடமான சரளி வரிசையில் இடது கை விரல்கள் ஒருவழியாக இடம் பிடித்துவிட்டன, வில்தான் படுத்துகிறது. பாதி இழுத்ததும் பிரிட்ஜை (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) விட்டு ஃபிங்கர்போர்டு (விரல் வைக்கும் பலகை) பக்கம் வழுக்கிப் போகிறது, திரும்பும்போது ஒரு கிரீச். வாத்தியார் "கையைத் தளர்வா விடுங்க" என்கிறார், விட்டால் இன்னும் ஆடுகிறது. ரோஸின் (வில்லின் முடியில் தேய்க்கும் பிசின்) கூடுதலாகப் போட்டால் சரியாகுமா?

ரோஸின்_டப்பா:
ஐயோ, வேண்டாம். தினமும் அரை மணி வாசிக்கிறவருக்கு நாலைந்து இழுப்பு போதும், அதிகமானால்தான் கரகரக்கும். வில்லின் முடியை விரலால் தொடாதீர்கள், எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் தந்தியைப் பிடிக்காது. வாசித்து முடித்ததும் வில்லின் முடியை இறுக்கும் திருகைத் தளர்த்தி வைக்கிறீர்களா?

மூன்றாம்_காலம்:
நாம் தரையில் உட்கார்ந்து வயலின் தலையைக் கணுக்காலில் சாய்த்து வைக்கிறோம் இல்லையா, பிரிட்ஜ் மேலே, ஃபிங்கர்போர்டு கீழே, அதனால் வில் சரிவில் இறங்கத்தான் பார்க்கும். அதோடு நுனி வரை இழுக்கும்போது முழங்கை முதுகுக்குப் பின்னால் போகும், வில் கோணலாகிவிடும். நுனியை நெருங்க நெருங்கக் கையைக் கொஞ்சம் முன்னால் நீட்டுங்கள். முதலில் விசித்திரமாகத்தான் இருக்கும். பக்கத்தில் ஒரு கண்ணாடி வைத்து, தம்புரா போட்டுக்கொண்டு, விரல் வைக்காமல் வெறும் ஸ, ப தந்திகளில் ஒரு வில்லுக்கு நாலு எண்ணிக்கை, பழகியதும் எட்டு. கிரீச் வருவது திரும்பும் இடத்தில் அழுத்துவதால், அங்கே ஆள்காட்டி விரலின் பாரத்தைக் குறைத்து மணிக்கட்டால் திருப்புங்கள்.

சந்தேகமாக இருந்தால் ரோஸின் பொடி தந்திக்குக் கீழே எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள், உங்கள் வில் போன பாதை அதுதான்.

பக்கவாத்தியம்:
எல்லாம் சரி, ஆனால் வெறும் தந்தியை மணிக்கணக்கில் இழுக்காதீர்கள், என்னை ஆறு மாதம் அப்படி இழுக்கவைத்து வயலினே வெறுத்துப்போனது. பத்து நிமிஷம் அது, அப்புறம் சரளியை வில்லுக்கு இரண்டு ஸ்வரம், பிறகு நாலு என்று சேர்த்து வாசியுங்கள். வயலின் வித்வான் எம்.எஸ். கோபாலகிருஷ்ணன் கச்சேரி வீடியோ ஏதாவது போட்டு இடது கையைப் பார்க்காமல் வலது மணிக்கட்டை மட்டும் பாருங்களேன்.

தாமத_மாணவன்:
பொடியைப் பார்த்தேன். மொத்தமும் ஃபிங்கர்போர்டு ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது, பிரிட்ஜ் பக்கம் வாங்கிய அன்று இருந்த அதே பளபளப்பு! துடைத்துவிட்டேன், அடுத்த வாரம் மறுபடி பார்க்கிறேன். திருகு விஷயம்... இன்றுவரை தளர்த்தியதே இல்லை.