ஐஸ் ஹவுஸ் குடும்பம்: போகிக்கு ராணி எங்கே?

காலை 6:10

மணி பெரியப்பா: ராணி ராத்திரி முழுக்க இருமினாள். பக்கத்தில் உட்கார்ந்து விலாவைப் பார்த்து எண்ணினேன், நிமிடத்துக்கு 28 மூச்சு. சும்மா நிற்கிற குதிரைக்கு 16க்கு மேல் போகக்கூடாது. மூச்சை விடும்போது வயிறு இரண்டு தரம் எக்குகிறது. விலாவுக்குக் கீழே பள்ளமாக ஒரு கோடு விழுந்திருக்கிறது. மூன்று நாளில் போகி. அவள் இந்தத் தெருவில் இருக்கக்கூடாது.

விஜயா அத்தை: ஐயோ. சாப்பிட்டாளா?

மணி பெரியப்பா: கொள்ளை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

செல்வம் சித்தப்பா: போன வருஷமும் இப்படித்தானே அண்ணா, சரியாகிவிட்டதே.

மணி பெரியப்பா: எங்கே சரியானது? தெருமுனையில் டயர் எரித்தார்கள், பத்து நாள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள். நமக்கு மூக்கடைத்தால் வாயைத் திறந்துகொள்வோம். குதிரைக்கு வாயால் மூச்சு விட வராது, மூக்கு ஒன்றுதான் வழி.

கார்த்திக்: திருப்போரூருக்குக் கொண்டுபோகலாமே பெரியப்பா?

ராஜேந்திரன் மாமா: தாராளமாக. கொட்டகை காலி. அறுப்பும் முடிந்தது, வைக்கோல் வேண்டிய மட்டும் இருக்கிறது.

மணி பெரியப்பா: மச்சான், அந்த வைக்கோல்தான் எனக்குப் பயம். அவளுக்குச் சேராததே அதிலிருக்கும் தூசியும் பூஞ்சையும்தான். இங்கே புல்லை அரை மணி நேரம் தண்ணீரில் முக்கி, வடித்துத் தரையில் போடுகிறேன். தலையைத் தாழ்த்தித் தின்றால் சளி தானாக இறங்கும். கீழே பரப்புவது மரச்சீவல்தான். அவள் வெளியே நிற்கும்போதுதான் கூட்டுவேன். மூத்திர நெடியும் ஆகாது.

ராஜேந்திரன் மாமா: சரி மச்சான்

திவ்யா: மாமா வீட்டுப் பின்னால் ஏரி வேறு இருக்கிறதே. பூச்சி?

மணி பெரியப்பா: நல்லவேளை கேட்டாய் அம்மா. கொசுவை விடப் பொடியாக ஒரு பூச்சி, ஈரச் சேற்றிலும் சாணத்திலும் பெருகும். அந்தியிலும் விடியலிலும் கடிக்கும். அதன் எச்சில் அவளுக்கு ஒவ்வாது. வால் அடியைத் தூணில் தேய்த்துத் தேய்த்து ரத்தம் கசிய நின்றாளே, மறந்துவிட்டதா? அதற்குக் காற்றை எதிர்த்துப் பறக்கத் தெம்பில்லை. அதனால்தான் கொட்டகையில் ஃபேன்.

செல்வம் சித்தப்பா: அந்த ஃபேனுக்குக் கரண்ட் பில் யார் கட்டுகிறார்கள் என்றும் சொல்லுங்கள்.

விஜயா அத்தை: ராஜா குதிரையை விற்ற காசில் கட்டு.

செல்வம் சித்தப்பா: அக்கா, பத்து வருஷத்துக் கதை இப்போது எதற்கு?

விஜயா அத்தை: எங்களைக் கேட்காமல் விற்றாய். அப்பா ஒரு வாரம் கடற்கரைப் பக்கமே போகவில்லை.

கார்த்திக்: என்னிடம் அலர்ஜிக்குப் போடுகிற செட்ரிசின் மாத்திரை இருக்கிறது, பொடி செய்து கொடுக்கலாமா?

மணி பெரியப்பா: வேண்டாம்டா. அந்த வகை மருந்து நமக்குக் கேட்கிற அளவுக்குக் குதிரைக்குக் கேட்காது. ஸ்டீராய்டு கேட்கும். ஆனால் அவளுக்கு 23 வயது. அந்த மருந்தால் குளம்புக்குள் வீக்கம் வந்துவிட்டால் நிற்கவே முடியாது. போன கோடையிலும் முடி கொட்டாமல் நீளமாகவே இருந்தது, வயதான குதிரைக்கு வருகிற சுரப்பிக் கோளாறாக இருக்கலாம். அப்படி இருந்தால் குளம்பு ஆபத்து இன்னும் அதிகம். முதலில் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

விஜயா அத்தை: வேப்பேரிக்கே போ. அப்பா நம் குதிரைகளை அங்கேதான் காட்டுவார்.

மணி பெரியப்பா: 1903லிருந்து இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரி அக்கா. இன்று போகிறேன்.

ராஜேந்திரன் மாமா: கரும்பு எத்தனை கட்டு அனுப்பட்டும்?

விஜயா அத்தை: இரண்டு. மஞ்சள் கொத்தும்.

செல்வம் சித்தப்பா: போன தடவை வந்த கரும்பில் பாதி வேர்.

திவ்யா: பெரியப்பா, கோவளத்தில் என் மாமியார் வீட்டுத் தோட்டம் இருக்கிறது. கடல் காற்று நேராக வரும். கேட்கவா?

மணி பெரியப்பா: கேள் அம்மா. காற்று இருந்தால் பூச்சி அண்டாது. பக்கத்தில் யாராவது போகிக்குக் கொளுத்துவார்களா என்றும் கேள்.

கார்த்திக்: வண்டி சொல்லிவிடவா? குட்டி யானை போதுமா?

விஜயா அத்தை: குதிரை குட்டி யானையில் போகிறதா 😂

மணி பெரியப்பா: அது ஆகாது, உயரமான பக்கப் பலகை உள்ள பெரிய வண்டி பார். உள்ளே வைக்கோல் போடச் சொல்லாதே.

செல்வம் சித்தப்பா: வண்டிக் காசு நான் தருகிறேன்.

விஜயா அத்தை: எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள், எழுத்தில் இருக்கிறது.

செல்வம் சித்தப்பா: அவள் முதுகில் உட்கார்ந்துதான் மெரினாவில் என் பையனுக்குப் பயம் தெளிந்தது அக்கா.

காலை 7:25

கார்த்திக்: நாளைச் சாயங்காலத்துக்கு வண்டி சொல்லிவிட்டேன். எந்த ஊர் என்று டிரைவர் கேட்கிறார்.

திவ்யா: மாமியார் கோயிலுக்குப் போயிருக்கிறார், வந்ததும் கேட்கிறேன்.

ராஜேந்திரன் மாமா: நான் எதற்கும் வைக்கோல் போரைத் தார்ப்பாய் போட்டு மூடி வைக்கிறேன்.

மணி பெரியப்பா: இப்போது நிமிடத்துக்கு 22 மூச்சு. முக்கின புல்லை ஒரு வாய் எடுத்தாள்.