சிஐசிஎஸ் திறந்து வைத்திருக்கும் கேஎஸ்டிஎஸ் கோப்பை பேக்கப் எடுப்பது எப்படி?

ஐபிஎம் மெயின்ஃப்ரேம், இசட்/ஓஎஸ் 2.5; பரிவர்த்தனைகளை நடத்துவது சிஐசிஎஸ். ஒரே ஒரு விசாம் கேஎஸ்டிஎஸ் (கீ வரிசையில் பதிவுகளை வைக்கும்) கோப்பு, ஷேர்ஆப்ஷன்ஸ் (2,3), எஸ்எம்எஸ் (சேமிப்பிடத்தைக் கவனிக்கும் அமைப்பு) நிர்வாகத்தில் இருக்கிறது. முன்பு இரவில் சிஐசிஎஸ்ஸை நிறுத்தி பேக்கப் எடுப்போம். போன மாதம் முதல் சேவை 24 மணி நேரமும் ஓடுவதால் அந்த இடைவெளி போய்விட்டது.

இப்போது ஏடிஆர்டிஎஸ்எஸ்யு (பேக்கப் எடுக்கும் நிரல்) டம்ப் தினமும் ஏடிஆர்412இ (கோப்பைத் தன் வசம் பூட்ட முடியவில்லை) பிழையோடு ரிட்டர்ன் கோடு 8-ல் முடிகிறது.

டம்ப் கட்டளையில் ஷேர் ஆப்ஷன் போட்டுப் பார்த்தேன், அதே பிழை. அது மற்றவர்கள் வாசிக்க மட்டும்தான் இடம் தருகிறது, எழுத விடாது. பூட்டு கிடைக்காவிட்டாலும் தொடரச் சொல்லும் டிஓஎல்(இஎன்க்யூஎஃப்) போட்டால் ஜாப் ஓடுகிறது. ஆனால் நடுவில் கன்ட்ரோல் இன்டர்வல் (பதிவுகள் இருக்கும் தொகுதி) நிரம்பி இரண்டாகப் பிளந்தால் அந்த நகலை நம்ப முடியாது. வாடிக்கையாளர் கணக்கு விவரம் உள்ள கோப்பு என்பதால் அதை ஏற்க எனக்கு மனமில்லை. பதிவுகளை நகலெடுக்கும் ஐடிகாம்ஸ் ரெப்ரோவிலும் இதே சிக்கல். அப்புறம் பிடபிள்யூஓ (கோப்பு திறந்திருக்கும்போதே பேக்கப்): அதற்கு ஃபார்வர்ட் ரெகவரி லாக் (மாற்றங்களின் பதிவேடு) வேண்டும், லாகைத் திரும்ப ஏற்றும் மென்பொருள் எங்களிடம் இல்லை.

மிச்சம் இருப்பது கன்கரன்ட் காப்பி, அதாவது தொடங்கிய நொடியின் நிலையை நகலெடுக்கும் முறை. கோப்பைச் சற்று நேரம் மூடி, காப்பி தொடங்கியதும் திறந்துவிடலாம்.

ப்ரொடக்‌ஷனில் இப்படிச் செய்பவர்கள், காப்பி தொடங்கியது என்ற செய்தி வந்ததும் கோப்பைத் தானாகத் திறக்க என்ன வழி வைத்திருக்கிறீர்கள்?